பின்சுவரில் பிறந்த ஓடை

புரட்டாசி முடிகிற நேரத்தில் மந்திரமூர்த்தி அண்ணாச்சி தன் காலி மனையில் சரள் மண் அடித்து மேடாக்க ஆரம்பித்தார். முதல் லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டிவிட்டுப் போன அன்றைக்கே எங்கள் தெரு வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. ஒரு நாளைக்கு ஆறு லாரி. தள்ளி நிரத்த ஒரு ஜேசிபி. ஒரு வாரத்தில் மனை ரோட்டைவிட மூன்றடி உயர்ந்து நின்றது.

அவர் மனை, அவர் மண், உனக்கு என்ன வந்தது என்று வெளியாள் கேட்கலாம். கேட்கிறவர் ஓர் ஐப்பசியாவது பெத்தேல் கார்டன் இரண்டாம் தெருவில் குடியிருந்து பார்க்க வேண்டும். மில்லர்புரத்தைத் தாண்டி மேற்கே போனால் எங்கள் தெரு. கார்டன் என்று பேர்தானே தவிர, ஒரு வேப்பங்கன்று வைத்தாலும் மூன்றாம் வருஷம் வேர் உப்பைத் தொட்டு நுனி கருகிவிடும். மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்த தெரு, பதினாறு வீடு. எங்களுக்கு மேற்கே முளைத்த காலனிகள் எல்லாம் தங்கள் மழைத்தண்ணீரை எங்களிடம்தான் அனுப்பும். அது தெரு வழியாக இறங்கி வந்து, கிழக்குக் கோடியில் அண்ணாச்சியின் காலி மனையில் குளமாகக் கிடக்கும். தை மாதம் வரைக்கும் தவளை கத்தும், கொசு பிடுங்கும். ஆனாலும் வீட்டுக்குள் வராது. இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷ வெள்ளத்தை நான் இதில் சேர்க்கவில்லை. அப்போது ஊரே முங்கியது.

தெரு போய் முட்டி நிற்கிற கிழக்குக் கோடியில், அண்ணாச்சி மனைக்கு அடுத்து, ஜெயசிங் சார் வீடு. அந்த வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் அடைந்த ஓர் ஓடை உண்டு. பன்னிரண்டடி அகலத்தில் அங்கே தொடங்கி உப்பளத்தைப் பார்க்க நேராகப் போகும். ஓடை என்றால் எங்கிருந்தாவது வர வேண்டுமே, ஒரு வீட்டுப் பின்சுவரில் எப்படிப் பிறக்கும் என்று இருபது வருஷமாக எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டையில் ஒன்று குறைந்தால் நின்ற இடத்தில் சொல்லிவிடுவேன். ஓர் ஓடை குறைந்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

ஜெயசிங் சாருக்குச் சொந்த ஊர் நாசரேத்து. வீடு, மனை எல்லாவற்றுக்கும் பிளான் வரைந்து கொடுக்கிறவர். கம்ப்யூட்டர் வந்து அவர் வரைகிற பலகையைப் பரணில் ஏற்றும் வரைக்கும் இந்த ஊரில் பாதி வீடு அவர் மேஜையில் பிறந்ததுதான். எங்கள் பெத்தேல் கார்டன் லேஅவுட்டும் அவர் வரைந்ததுதான். அவர் மனைவி ஞானதீபம் டீச்சர், கணக்கு டீச்சர், போன வருஷம் ஓய்வு பெற்றார். அவர்கள் வீட்டு பேஸ்மட்டம் மட்டும் ரோட்டிலிருந்து அஞ்சடி உயரம். கட்டும்போது நாங்கள் எல்லாரும் கேலி பண்ணினோம். வெள்ளத்தில் தண்ணீர் அந்த வீட்டின் கடைசிப் படியோடு நின்றுவிட்டது. பிளான் போடுகிற மனுஷனுக்குத் தெரியாதா என்று வாயைப் பிளந்தோம்.

வெள்ளம் நின்ற பதினோரு நாளும் தெருவுக்கே அடுப்பு எரிந்தது டீச்சர் வீட்டு வராண்டாவில்தான். என் வீட்டு அண்டாவைத் தூக்கிப்போய்க் கஞ்சி காய்ச்சினார்கள். கஞ்சி, தேங்காய்த் துவையல், கிடைத்த அன்றைக்குச் சாளைக் கருவாடு. பதினாறு வீட்டுக்கும் கையால் ஊற்றியவர் டீச்சர். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் டீச்சர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அண்டா அங்கேயே தங்கிவிட்டது. எனக்கும் கேட்க மனசு வரவில்லை.

இந்த வருஷம் டீச்சர் கால் தரையில் படாமல் திரிந்தார். மகள் ஜெனிலா கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்து ஐந்து வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம். ஐப்பசிக் கடைசியில் வந்துவிடுவாள், கார்த்திகையில் பிள்ளை. வீட்டின் வடக்கு அறை ஜெனிலா அறை. அதற்கு இளமஞ்சள் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டு, மேலே தொட்டிலுக்குக் கொக்கி மாட்டினார்கள். பழைய மெல்லிய நூல் சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தார் டீச்சர். உளுந்தங்களிக்குத் தோல் உளுந்து, உடன்குடிக் கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய் என்று அந்த அறை அலமாரியே பலசரக்குக் கடை மாதிரி ஆகிவிட்டது.

மருமகன் நேசக்குமாருக்கு மட்டும் சந்தேகம். டீச்சர் எப்போதும் வராண்டாவில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் போனில் அவன் கேட்டதும் டீச்சர் சொன்னதும் எதிர்வீட்டில் இருக்கிற எனக்கே கேட்டது.

"அங்க தண்ணி தேங்கும்ங்காவளே அத்த. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக முடியுமா?"

"தெருவுலதான் மாப்ள கெடக்கும். நம்ம வீட்டுக்குள்ள வராது. அந்தப் பெரிய வெள்ளத்துலயே வரலல்லா. நீங்க தைரியமா அனுப்புங்க."

ஜெயசிங் சார் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அது அவர் பழக்கம், நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஐப்பசி பத்தாம் தேதி காலையில் பிடித்த மழை மத்தியானம் வரைக்கும் விடவில்லை. மேற்கே இருந்து வந்த தண்ணீர் வழக்கம்போலக் கிழக்கே இறங்கியது. அங்கே அண்ணாச்சியின் சரள் மேடு. இடம் இல்லாமல் தண்ணீர் திரும்பி எங்களிடமே வந்தது. அரை நாள் மழை, அதற்கே என் வீட்டில் முழங்கால் அளவு. அரிசிப் பானை மிதந்தது. பிரிட்ஜைக் கட்டிலில் ஏற்றினோம். திரும்பவும் பிள்ளைகுட்டிகளோடு படியேறி டீச்சர் வீட்டுக்குத்தான் போனோம். திரும்பவும் என் அண்டாவை அடுப்பில் ஏற்றினார் டீச்சர்.

இரண்டு நாள் போயும் தண்ணீர் வடியவில்லை. எங்கள் கோபம் முழுக்க அண்ணாச்சிமேல் திரும்பியது. லாரி வராமல் தெரு முகப்பில் கல்லை உருட்டிப் போட்டோம். போட்டவர்களில் நானும் ஒருவன். அண்ணாச்சி மனைவி பகவதி, வேலையாட்களுக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு வருகிறவள். அவள் தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி வீட்டுக்குள்ளிருந்து வாளியில் அள்ளிய அழுக்குத் தண்ணீரை அவள் காலடியில் வீசினாள். பகவதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் டீச்சர் வீட்டு வராண்டாவில் கூட்டம். தெருச் சங்கத்துச் செயலாளர் டிக்சன் பெரிய வாய்க்காரன். மனு எழுதிக் கொண்டு வந்திருந்தான்.

"வியாழக்கிழம கார்ப்பரேசன் என்ஜினியர் மேடம் நேருல வாராங்க. அண்ணாச்சி குளத்த மூடிட்டு வீடு கட்டுதாருன்னு நாம எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். அதுக்கு ஆதாரம் வேணும். ஜெயசிங் சார்ட்ட லேஅவுட்டு ஒரிஜினல் இருக்கும்லா. அதுல அந்த இடம் பள்ளம்னு போட்டிருக்கும்."

"அதெல்லாம் இப்ப எங்கன கெடக்கப் போவுது," என்றார் சார். "செல்லரிச்சுப் போயிருக்கும்."

கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பினார். "ஏன், பரண்ல தகரக் குழாய்க்குள்ள பத்திரமாத்தான இருக்கு. போன மாசம் பெயின்டு அடிக்கயில கூட நான் தொடச்சு வச்சேன்."

சார் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். படியேறவில்லை. கீழே தண்ணீரிலேயே நின்றார்.

"எல்லாரும் இருக்கிய. இங்கயே கேட்டுருதேன். டிக்சன் தம்பி, குளம் குளம்ங்கிய. எம் பத்திரத்துல மனைன்னுதான எழுதியிருக்கு. சாத்தான்குளத்துலருந்து வந்து முப்பது வருஷமா வாடக வீடு. நாலு வீடு மாறியாச்சு. எனக்கும் ஒரு வாசப்படி வேணும்லா."

"ஒங்க வாசப்படிக்கு எங்க நடுவீடா கெடச்சுது அண்ணாச்சி?" என்றான் டிக்சன்.

"நான் என்ன செய்யணும்ங்கிய? காலம் பூராவும் ஒங்க தண்ணியக் கட்டி வைக்கத்தான் மனை வாங்கிப் போட்டேனா?" அண்ணாச்சி ஜெயசிங் சார் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவிய. இத வரஞ்சவிய. நீங்களே சொல்லுங்க. எம் மனை குளமா? தண்ணி போற வழியா?"

சார் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய காரியம் அண்ணாச்சி. பாத்துத்தான் சொல்லணும்."

"பாத்துச் சொல்லுங்க சார். நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படுதேன்." அண்ணாச்சி திரும்பி நடந்தார். டிக்சன் மனுவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினான். நானும் போட்டேன்.

மறுநாள் புதன்கிழமை. என் வீட்டு அடுப்பு தண்ணீருக்குள் கிடந்ததால் காலைக் காப்பி டீச்சர் வீட்டில்தான். கருப்பட்டிக் காப்பியை எனக்குக் கொடுத்துவிட்டு, டீச்சர் பரணிலிருந்து தகரக் குழாயை இறக்கினார். ட்ரேசிங் பேப்பரை விரித்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். மனை எண்களை வாய்க்குள் படித்துக்கொண்டே விரலை ஓட்டிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். திரும்ப அதே இடத்தில் தடவினார்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு, டீச்சரே பிறகு எனக்குச் சொன்னது. ட்ரேசிங் பேப்பரில் மையால் போட்ட கோட்டை ரப்பர் கொண்டு அழிக்க முடியாது. அரை பிளேடால் மேலாகச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தில் பேப்பர் பிசிறும், அதன்மேல் புதுக்கோடு போட்டால் மை ஊறிப் பரவும். அதனால் அந்த இடத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். நகத்தைக் கடிக்கிற சாருக்கு அது வராது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலை டீச்சருடையது. ஸ்கூல் விட்டு வந்து, சார் சுரண்டிய இடத்தையெல்லாம் நகத்தால் தேய்த்துக் கொடுப்பார். தேய்த்த இடம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் வைத்தால் மட்டும் கொஞ்சம் மெலிந்து தெரியும்.

"என்னங்க, இங்க வாங்க."

சார் வந்து நின்றார். "இத ஏன் இறக்கின?"

"பதினாறாம் நம்பர்ல சுரண்டியிருக்கு. நம்ம மனையில. மேக்கேருந்து தெரு நெடுக வருது, நம்ம வீட்டு வடக்குப் பக்கமாப் போவுது. ரெண்டு கோடு." டீச்சர் குரல் வகுப்பில் கேட்கிற மாதிரிதான் இருந்தது. "ரெண்டு கோடுன்னா என்ன? ரோடா?"

"இல்ல."

"பின்ன?"

"ஓடை."

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். "நீங்க இருங்க அண்ணே," என்றார் டீச்சர், என்னைப் பார்க்காமலே. "ஒங்க வீட்டுக்குள்ளதான தண்ணி கெடக்கு. கேட்டுட்டே போங்க."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலு வருஷமா மழ கண்ணுல படாத நேரம். அந்த ஓடையில ஆடுதான் மேஞ்சுது. மனை போட்ட ஆளு சொன்னான், 'இதெல்லாம் ஒரு ஓடையா சார், இத விட்டா பாதி மனை போயிரும், எடுத்துருங்க'ன்னான். கூலிக்குப் பதிலா கடைசி மனைய எழுதித் தாரேன்னான். நமக்கு அன்னைக்குச் சொந்தமா ஒரு செங்கல் கெடையாது. ஜெனிலாவுக்கு ஆறு வயசு. ரெண்டு கோடுதானன்னு நெனச்சேன்."

"தண்ணி வரும்னு தெரிஞ்சுதான அஞ்சடி ஒசத்துனிய?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தேச்சுக் குடுத்தது நீதான தீபம். சொல்லியிருந்தா நீ தேச்சிருக்க மாட்ட."

டீச்சர் தன் வலது கையைத் திருப்பிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். அப்புறம் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதபோது சத்தமே வரவில்லை. "பதினோரு நாளு கஞ்சி காச்சி ஊத்துனேன். எல்லாரும் என்னக் கையெடுத்துக் கும்பிட்டாவ. நானும் பெருமையா வாங்கிக்கிட்டேன். அவங்க வீட்டுக்குள்ள தண்ணிய விட்டதே நாமதானே."

"இப்ப என்ன செய்யச் சொல்லுத? வழிய விடணும்னா ஜெனிலா ரூம எடுக்கணும். அதுதான் வழி. பிள்ள இந்த மாசக் கடைசியில வாரா." சார் குரல் தாழ்ந்தது. "நாளைக்கு மேடம் வரும்போது பிளான் கெடைக்கலன்னு சொல்லிருவோம். இந்த மழ முடியட்டும். பிள்ள பொறக்கட்டும். பொறவு நானே எழுதிக் குடுத்துருதேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டில் முழங்கால் தண்ணீர் கிடந்தது. ஆனால் ஜெனிலா என் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த பிள்ளை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"மக்களே, நீ இங்க வராண்டாம். நான் அங்க வாரேன்."

"ஏம்மா? டிக்கெட் போட்டாச்சே. ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு போட்டோ எல்லாம் அனுப்புன."

"அடிச்சோம் மக்களே. ஆனா அது நம்ம எடம் இல்ல."

"என்னம்மா சொல்லுத? நான் சின்னப் பிள்ளையிலருந்து... நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கிய?" ஜெனிலா அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா வீட்டில் பிள்ளை பெறவேண்டும் என்று ஐந்து வருஷம் காத்திருந்தவள். டீச்சர் போனை வைக்காமல் அவள் அழுது முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். சார் எழுந்து வடக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு என்ஜினியர் மேடம் வந்தார். சின்ன வயசு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தெருவே படியோரம் கூடியிருந்தது. அண்ணாச்சியும் பகவதியும் தங்கள் சரள் மேட்டில் தனியாக நின்றார்கள். டிக்சன் மனுவை நீட்டி, குளம் குளம் என்று பேசிக்கொண்டே போனான்.

"பிளான் இருக்குன்னு சொன்னீங்களே," என்றார் மேடம்.

ஜெயசிங் சார் உள்ளே போய்த் தகரக் குழாயை எடுத்து வந்தார். ட்ரேசிங் பேப்பரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். டீச்சர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி மனை குளம் இல்ல மேடம். ஓடை எங்க வீட்டு வழியாப் போச்சு. நான்தான் சுரண்டி எடுத்தேன். பின்சுவருக்குப் பின்னால கெடக்குல்லா, அது இதோட வால்."

மேடம் கிட்டே வந்து பேப்பரைப் பார்த்தார். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "கள்ளப்பய" என்றது. யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் குரலாகவும் இருந்திருக்கலாம், அவ்வளவு கோபம் எனக்கும் அந்த நேரத்தில் வந்தது. டிக்சன் மனுவை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா எங்கம்மா அந்த வெள்ளத்துல கட்டில்லயே கெடந்து நெஞ்சுச்சளி பிடிச்சுச் செத்திருக்க மாட்டா சார்," என்றான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மேடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். சர்வேயர் அளக்க வேண்டும், நோட்டீஸ் விட வேண்டும், மேலே எழுத வேண்டும், எப்படியும் மூன்று மாசம் ஆகும் என்றார். மேற்கே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

சார் படியிறங்கித் தண்ணீருக்குள் நடந்து சரள் மேட்டருகே போனார்.

"அண்ணாச்சி, ஒங்க ஜேசிபிய ஒரு நாளைக்குத் தருவியளா?"

அண்ணாச்சி பகவதியைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு நான் தண்ணியில நின்னு கேட்டேன் சார். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இவ கால்ல அழுக்குத் தண்ணிய வீசுனாளுவ." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வண்டி நிக்கி. டிரைவரக் கூப்பிடுதேன்."

டீச்சர் அறையிலிருந்து சேலைத் துணிகளையும் உளுந்தையும் கருப்பட்டியையும் ஒரு பைக்குள் எடுத்து வைத்தார். முதலில் முன்னால் இருந்த சுற்றுச்சுவர் விழுந்தது. பிறகு அறையின் மேற்குச் சுவர். கொக்கி மாட்டிய மேல்தளத்தை இறக்கப் போகும்போது டிரைவர் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி, "பிள்ளத்தாச்சி ரூமா சார்?" என்று கேட்டான். "இடி," என்றார் சார். பேஸ்மட்டத்தைத் தோண்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியாகப் பின்சுவர்.

பின்சுவர் விழுந்ததும் தண்ணீர் ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்றது. பிறகு தெரு முழுக்கக் கிடந்த தண்ணீர் மெள்ளத் திரும்பியது. செருப்பு, தேங்காய் மட்டை, யாரோ வீட்டு முறம், எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மஞ்சள் சுவர்த் துண்டுகளுக்கு நடுவே நுழைந்து உப்பளத்தைப் பார்க்கப் போனது. வெள்ளத்தில் பதினோரு நாள் நின்ற தெருவில் மூன்று மணி நேரத்தில் தார் தெரிந்தது. எங்களுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் போய்ச் சேறு தள்ளினோம்.

மறுநாள் காலை டீச்சர் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் கருப்பட்டிப் பை. இருபது வருஷத்தில் அவர் ஊருக்குப் போகும்போது வாசலுக்கு வந்து எப்போ டீச்சர் வருவிய என்று கேட்காத வீடு கிடையாது. அன்றைக்குப் பதினைந்து வீட்டு வாசலும் சாத்திக் கிடந்தது. நானும் ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றேன். கோபம் அப்போது போய்விட்டது. கூசியது, அவ்வளவுதான். பகவதி மட்டும் மனையிலிருந்து இறங்கி வந்து, கருப்பட்டிப் பையை வாங்கிக்கொண்டு டீச்சரோடு நடந்தாள்.

என் வீட்டுக்கு நேரே வந்ததும் டீச்சர் நின்றார். ஜன்னலைப் பார்த்தே பேசினார். நான் நிற்பது தெரிந்திருக்கிறது.

"அண்ணே, ஒங்க அண்டா எங்க வீட்டு வராண்டாவுலதான் கெடக்கு. கழுவிக் கவுத்தியிருக்கேன். சார் மட்டுந்தான் இருக்காவ, ஒருநேரம் போல எட்டிப் பாத்து எடுத்துக்கிடுங்க. கதவத் தட்டாண்டாம், இப்ப வழிதான் தெறந்து கெடக்கே."

அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நாள் ஆகிறது. இன்னும் அண்டாவை எடுக்கப் போகவில்லை.